முழங்கையில் ஓட்டை

கிழவர் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டார்.

கின்வார்னக் மாளிகையின் பெரிய வரவேற்பறையில், பார்வையாளர்கள் நடக்கிற விரிப்புக்கும் பிரபு குடும்பத்துச் சாமான்களுக்கும் நடுவே ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். கிழவர் அதை ஏதோ தன் வீட்டு வாசற்படி மாதிரி தாண்டி, நேராகச் சுவரைப் பார்த்து நடந்தார். அந்தச் சுவரில் சுவரோடு சுவராகத் தாள் ஒட்டிய ஒரு கதவு உண்டு. அங்கே கதவு இருப்பது வெளியாருக்குத் தெரியவே தெரியாது. கிழவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், கண்டுபிடித்தார், திறந்தார். உள்ளே ஒரு வாளியும் இரண்டு துடைப்பமும் இருந்தன. முகத்தைச் சுளித்துக்கொண்டு மூடினார்.

"ஐயா, அந்தப் பக்கமெல்லாம் போகக்கூடாது" என்று கத்துவதற்காகக் கைடு ரோனா மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு இழுத்தபடியே நின்றது. கிழவரின் முழங்கை கண்ணில் பட்டுவிட்டது.

கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஓட்டை. சின்ன ஓட்டை இல்லை, ஒரு ஆரஞ்சுப் பழம் தாராளமாகப் போய்வரும். கழுத்துப் பட்டை நைந்து நூல் நூலாகத் தொங்கியது. முதுகெல்லாம் வெள்ளை நாய் முடி. கால்சட்டை கீழே நழுவாமல் இருக்க, பெல்ட் இருக்கவேண்டிய இடத்தில் சணல் கயிறு.

ரோனா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

துணியைப் பார்த்து ஆளை எடை போடுவது எல்லா ஊரிலும் நடக்கிற வியாபாரம்தான். ஆனால் ஸ்காட்லாந்தின் இந்த மலைப்பக்கத்தில் தராசைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். மடிப்புக் கலையாத புதுக் கில்ட்டுப் பாவாடை, இடுப்பில் பளபளக்கிற தோல்பை, முழங்காலுக்குக் கீழே சொருகிய குட்டிக் கத்தி என்று ஒருவர் வந்தால், அவர் டொரான்டோவிலிருந்து வந்த பல் டாக்டர். ஓட்டை, நாய் முடி, சணல் கயிறு மூன்றும் ஒரே உடம்பில் கூடியிருந்தால் அது பல நூற்றாண்டு ரத்தம். நல்ல ரத்தம் புதுச் சட்டை வாங்காது. தாத்தா போட்டதைப் பேரன் போடுவான், பேரன் விட்டதை நாய் போட்டுப் படுக்கும், நாய் எழுந்ததும் மறுபடி பேரன் எடுத்துப் போடுவான்.

இது தெரியாமல்தான் ரோனாவுக்கு முன்னால் இருந்த கைடு கெட்டாள். சாக்குப்பை மாதிரி ஒரு கோட்டில் வந்த கிழவியை வாசலில் மறித்து, "டிக்கெட் எங்கம்மா?" என்று கேட்டாள். கிழவி பிரபுவின் அத்தை. அன்று மாலையே கைடுக்கு வேலையும் போயிற்று, வேலையோடு கொடுத்திருந்த வாசல் வீடும் போயிற்று.

அந்த வாசல் வீட்டுக்காகத்தான் ரோனா இங்கே வந்தாள். மாளிகையின் பெரிய இரும்புக் கேட்டை ஒட்டி, இரண்டு அறையும் ஒரு புகைபோக்கியுமாக நிற்கிற சின்னக் கல்வீடு. குளிர்காலம் முழுவதையும் அவள் தன் அக்காள் வீட்டுக் கொல்லையில் நிறுத்தியிருந்த ஒழுகும் கேரவனில் கழித்திருந்தாள். அக்காள் புருஷன் தினமும் காலையில் அதன் ஜன்னலைத் தட்டி, "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்பான். இன்று அவளுடைய சோதனைக் காலத்தின் கடைசி நாள். மாலையில் மாளிகைக் கதவைச் சாத்தும்போது மேலாளர் கிளெனி அந்த வீட்டுச் சாவியைக் கொடுப்பார், அல்லது கைகுலுக்கி அனுப்புவார்.

முதல் நாளே கிளெனி பாடம் நடத்தியிருந்தார். "நல்லாக் கேட்டுக்க ரோனா. புதுசு போட்டு வந்தா டிக்கெட் வாங்கின கூட்டம். கிழிசல் போட்டு வந்தா குடும்பம். புதுசைத் தடுத்துட்டா ஒரு மன்னிப்புல முடிஞ்சிரும். கிழிசலைத் தடுத்துட்டா பெட்டியக் கட்டிட்டு வந்து சொல்லிட்டுப் போ."

"குடும்பத்துல எல்லாரையும் எப்படி சார் அடையாளம் தெரிஞ்சுக்கிறது?"

"பிரபுவுக்கே தெரியாது. நமக்கு எதுக்கு அந்த வம்பு? ஓட்டையப் பாரு, ஒதுங்கி நில்லு."

ரோனா ஒதுங்கி நின்றாள். கிழவர் அறையின் அடுத்த கோடிக்குப் போய் இன்னொரு கதவைத் திறந்தார். அது அலமாரி. உள்ளே பீங்கான் தட்டுகள். அதையும் மூடினார். சாமான் எல்லாம் சரியாக இருக்கிறதா, யாராவது எதையாவது விற்றுத் தின்றுவிட்டார்களா என்று வீட்டு மனிதர் பார்வையிடுகிற தோரணை அப்படியே இருந்தது.

திரும்பியவர் ரோனாவைப் பார்த்தார். பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

வேலைக்காரிக்குத் தொப்பி கழற்றுகிறார் என்றால் பழைய காலத்து வளர்ப்பு. ரோனாவின் சந்தேகத்தில் மிச்சம் இருந்ததும் கரைந்தது.

"சும்மா பாருங்கய்யா. நான் இருக்கேன்னு கூச்சப்படாதீங்க" என்றாள்.

"இல்லங்கம்மா. தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா. உங்களுக்கு இல்லாத பக்கமா?"

கிழவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். வாயைத் திறந்தார். அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முகம் சிவந்தது.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கய்யா."

"ஒண்ணுமில்லங்க. வீடு நல்லா வெச்சிருக்கீங்க."

ஏதோ குறை சொல்ல வாயெடுத்துவிட்டுப் பெருந்தன்மையாக விழுங்கிவிட்டார் என்று ரோனாவுக்குத் தோன்றியது. விழுங்கிய குறை நேராகப் பிரபுவின் காதுக்குப் போகும், அங்கிருந்து கிளெனிக்கு வரும், கிளெனியிடமிருந்து கேரவனுக்கு வரும். ஏதாவது செய்து மனிதரைக் குளிர்விக்க வேண்டும்.

"நிக்கிறீங்களே. உக்காருங்கய்யா."

"வேண்டாங்கம்மா. நிக்கிறதுதான் நல்லது."

"நீங்க நின்னா எனக்குத்தான் கெட்ட பேரு."

அங்கே இருந்த நாற்காலிகள் ஒன்றிலும் யாரும் உட்காரக்கூடாது. "உட்காராதே" என்று பலகை வைப்பது பெரிய வீட்டுக்கு அழகில்லை என்பதால், ஒவ்வொன்றின் மேலும் காய்ந்த முட்பூ ஒன்றை வைத்திருப்பார்கள். உட்கார்ந்தால் தானே தெரிந்துகொள்வார்கள். ரோனா இருப்பதிலேயே உயர்ந்த நாற்காலியை, எந்தக் காலத்திலோ ஒரு ராஜா உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் பட்டு நாற்காலியைத் தேர்ந்தெடுத்து, முட்பூவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "இதுல உக்காருங்க" என்றாள்.

கிழவர் மறுக்கப் பார்த்தார். ரோனா அவர் தோளைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். நாற்காலி முனகியது. கிழவரும் முனகினார். உட்கார்ந்த கையோடு கால்மேல் கால் போட்டு, இறுக்கி, லேசாக நடுங்கினார்.

குளிர்கிறது. வேறென்ன? அந்த வீட்டுக்குள் வெளியே இருப்பதைவிடக் குளிர். பிரபுவிலிருந்து பாத்திரம் தேய்க்கிறவள் வரைக்கும் கையில் கிடைத்த கம்பளியை எல்லாம் மேலே மாட்டிக்கொண்டுதான் நடமாடினார்கள்.

"ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டு ரோனா கணப்படுப்பின் முன் மண்டியிட்டாள். கணப்பில் விறகு அடுக்கியிருந்தது. பார்வைக்காக அடுக்கியது. அதை யாரும் கொளுத்தி ரொம்ப காலம் ஆகிவிட்டது. ரோனா கொளுத்தினாள்.

விறகு நன்றாகப் பிடித்தது. புகையும் நன்றாகக் கிளம்பியது. மேலே போன புகை, வழியில் புகைபோக்கிக்குள் தலைமுறை தலைமுறையாகக் காக்கைகள் கட்டிவைத்திருந்த கூட்டில் முட்டி, அங்கே இடமில்லை என்று தெரிந்துகொண்டு, அறைக்கே திரும்பி வந்தது. கூடவே பழைய கரி, சுள்ளி, எலும்புத்துண்டு எல்லாம் சரிந்து விழுந்தன. மாளிகை முழுக்க அபாய மணி அலறத் தொடங்கியது.

ஜன்னல் வழியே பார்த்தால், பார்வையாளர்கள் எல்லாரும் மழைக்குள் புல்வெளிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். புதுக் கில்ட்டுகள் நனைந்து முழங்காலில் ஒட்டிக்கொண்டன.

கிழவர் வயசுக்குச் சம்பந்தமில்லாத வேகத்தில் எழுந்து வாசலுக்குப் பாய்ந்தார்.

கோபித்துக்கொண்டு போகிறார். ரோனா குறுக்கே ஓடி இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். "ஐயா, தயவுசெஞ்சு. மழையில அந்தக் கூட்டத்தோட நீங்க நிக்கிறதா? உங்கள அப்படி விட்டா என்னை என்ன சொல்லுவாங்க?"

"பரவாயில்லம்மா, எனக்கு வெளியதான்…"

"கூடவே கூடாது."

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, 'தனி' என்று பலகை போட்ட கதவைத் திறந்து, குடும்பத்தார் காலைச் சாப்பாடு சாப்பிடும் சின்ன அறைக்குள் தள்ளிச் சாத்தினாள். திரும்பிப் பார்த்தால் புகைக்குள்ளிருந்து கிளெனி வந்துகொண்டிருந்தார். அவர் கையில் தீயணைக்கும் குழாய். மீசையில் நுரை.

"எந்தக் கழுதை கொளுத்தினது?"

"நான்தான் சார்."

"அப்படியா. ரொம்ப சந்தோஷம். சாயந்தரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் ரோனா, இப்பவே…"

"சார், உள்ள குடும்பத்து ஆளு. குளிர்ல நடுங்கினாரு."

கிளெனி குழாயைத் தாழ்த்தினார். "குடும்பமா? எந்தக் கிளை?"

"தெரியல சார். ஆனா முழங்கையப் பாருங்க."

கிளெனி கதவை விரலளவு திறந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். சணல் கயிற்றில் அவர் பார்வை சற்று நேரம் மரியாதையோடு தங்கியது. கதவை மெல்லச் சாத்தினார்.

"சணலா?" என்றார் ரகசியமாக. "பிரபுவே தோல் பெல்ட்டுதான் போடுறாரு. இவரு இன்னும் மேல போலிருக்கே. ஏம்மா, இப்படி ஒருத்தர் வந்திருக்காருன்னு சொல்ல மாட்டியா? புகை கெடக்கு விடு. பூச்சி செத்துரும். அவருக்குக் குடிக்க என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல சார்."

"ஒண்ணும் குடுக்கலயா? வந்த மனுஷன் தொண்டைய நனைக்காமயா உக்காந்திருக்காரு?"

கிளெனி மீசையைத் துடைத்துக்கொண்டு, குனிந்தபடியே உள்ளே நுழைந்தார். பின்னாலேயே டீ வந்தது. இரண்டு ஆள் குடிக்கிற பெரிய கெட்டில். கிழவர் ஒரு கோப்பை குடித்தார். வைப்பதற்குள் கிளெனி நிரப்பினார். அதையும் குடித்தார், கிளெனி அதையும் நிரப்பினார்.

"போதுங்க."

"உங்க வாயால 'போதும்'னு வரக்கூடாது சார். அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்? ரோனா, சமையலறையில பார்லி சூப் இருக்கும் பாரு. பெரிய கிண்ணத்துல."

கிழவர் சூப்பைப் பார்த்தார். பிறகு ரோனாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. உப்பு குறைவோ?

"நல்லா இருக்காய்யா?"

"நல்லா இருக்குங்கம்மா. நீங்க குடுத்தா வேண்டாம்னு சொல்ல முடியுமா?" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தைக் காலி செய்தார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. மேஜைக்கு அடியில் ஒரு கால் இன்னொரு காலைச் சுற்றியிருந்தது.

"இன்னும் நடுங்குறாரு சார்" என்றாள் ரோனா கிளெனியின் காதோரம்.

"குளிர் இல்லம்மா அது. உணர்ச்சி. எத்தனை காலம் கழிச்சு வந்திருக்காரோ. இதோ இப்ப பாரு" என்று கிளெனி ஜன்னல் திரையை விலக்கினார். கீழே தோட்டத்து நடுவில் கல்மீன்கள் வாய்பிளந்து நிற்கிற நீரூற்று. அதைக் குடும்பத்து ஆள் வந்தால் மட்டும்தான் திறப்பார்கள். கிளெனி தோட்டக்காரனுக்குக் கைகாட்டினார். அரை ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டு, சலசலவென்று, விடாமல் விழுந்துகொண்டே இருந்தது.

கிழவர் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு, கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"பாத்தியா? பழசெல்லாம் ஞாபகம் வந்திருச்சு" என்று கிளெனி தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு, பிரபுவுக்குச் சொல்லப் போனார்.

அப்போதுதான் ரோனா அதைப் பார்த்தாள். கிழவர் மடியில் தொப்பி கவிழ்ந்து கிடந்தது. அதன் உட்புறத்தில், வட்டமாக, மஞ்சளாக ஒரு ஸ்டிக்கர். சுற்றுலாப் பஸ்காரர்கள் தங்கள் கூட்டம் கலந்துவிடக்கூடாதென்று ஆளுக்கு ஒன்று ஒட்டி அனுப்புகிற ஸ்டிக்கர். பீட்டர்ஹெட் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து காலையில் வந்த பஸ்ஸின் ஸ்டிக்கர். மழைக்குள் புல்வெளியில் நின்றுகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் கோட்டில் அது இருந்தது.

குடும்பத்து ஆள் பஸ்ஸில் வரமாட்டார். டிக்கெட் வாங்கமாட்டார். ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள நிச்சயமாக மாட்டார்.

ரோனாவுக்குக் கேரவன் ஜன்னலைத் தட்டுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. ராஜா நாற்காலியில் உட்காரவைத்தது அவள். கணப்பைக் கொளுத்தியது அவள். ஊர் ஜனத்தையெல்லாம் மழையில் நனையவிட்டு, டிக்கெட் வாங்கிய ஒரு மீன்காரருக்கு நீரூற்றைத் திறக்கவைத்ததும் அவள்தான். கிளெனிக்கு இப்போது தெரிந்தால், சாவியும் போயிற்று, வேலையும் போயிற்று. ஒரே வழிதான் உண்டு. பிரபு வருவதற்குள் மனிதரை வெளியே கடத்திவிட வேண்டும். 'கோபித்துக்கொண்டு போய்விட்டார்' என்று சொல்லிக்கொள்ளலாம். குடும்பத்தில் கோபித்துக்கொண்டு போகாதவர் யார்?

"ஐயா, எழுந்திரிங்க. தொப்பிய மாட்டுங்க. பின்பக்கமா ஒரு வழி இருக்கு, யாருக்கும் தெரியாது. சீக்கிரம்."

கிழவர் முகத்தில் விளக்கேற்றினாற்போல் ஒரு வெளிச்சம். "தெரிஞ்சிருச்சாங்கம்மா உங்களுக்கு?"

"எல்லாம் தெரிஞ்சிருச்சு. பேசாம வாங்க."

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இரண்டு பேரும் இருட்டு வராந்தாவில் கிட்டத்தட்ட ஓடினார்கள். கிழவர் முன்னால் ஓடினார். வராந்தாவின் கடைசியில் இருந்த கதவில் அவர் கைவைக்கப் போனபோது அது தானாகத் திறந்தது. முதலில் மூன்று நாய்கள் வந்தன. பிறகு அவற்றைவிட மோசமான நிலையில் ஒரு கம்பளிச் சட்டை வந்தது. அதற்குள் கின்வார்னக் பிரபு இருந்தார். பின்னால் கிளெனி.

பிரபுவின் மூக்குக்கண்ணாடியைப் போன வாரம் ஒரு நாய் தின்றுவிட்டிருந்தது. அவர் கிழவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் அவர் தோள்களைப் பிடித்தார்.

"டார்க்கில்" என்றார்.

கிழவர் அந்தப் பிடியிலிருந்து நழுவப் பார்த்தார்.

"டேய், சித்தப்பா மகன் டார்க்கில்தானே நீ? தாத்தா சவப்பெட்டியக் குழியில இறக்கறப்ப, பெரிய மரியாதைன்னு தலைமாட்டுக் கயித்தை எங்கிட்டக் குடுத்துட்டாங்க, கால்மாட்டுக் கயித்தைத்தான் உன்கிட்டக் குடுத்தாங்க. அதுக்காகக் கயித்தை விட்டுட்டு விறுவிறுன்னு போனவன். இனி ஜென்மத்துக்கும் எங்கூடப் பேசமாட்டேன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

கிழவர் வாயை இறுக மூடிக்கொண்டு, பிரபுவின் தோளுக்கு மேலே தெரிந்த வெளிச்சத்தையே பார்த்தார்.

"பாரு கிளெனி. இன்னும் பேசமாட்டேங்கிறான்" என்றார் பிரபு. "அவனேதான். வேற எவனுக்கு இந்தப் பிடிவாதம் வரும்?"

"அப்படியே குடும்பக் களை சார்" என்றார் கிளெனி.

"ஐயா, அவரு கிளம்புறாராம்" என்றாள் ரோனா. தன் குரல் தனக்கே கீச்சென்று கேட்டது. "அவசரமாம். நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்."

"ஆமாங்க, ரொம்ப அவசரம்" என்றார் கிழவர்.

"பேசிட்டான்" என்றார் பிரபு. "கோபமாத்தான் பேசுறான், இருந்தாலும் பேசிட்டான். விடுவேனா நான்? கிளெனி, அந்தக் கதவைச் சாத்து. கிண்ணத்தை எடுத்துட்டு வா."

கிளெனி கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார். பிரபு கிழவரைக் கட்டிப்பிடித்தபடியே மறுபடி அந்தச் சின்ன அறைக்கு நடத்திக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் காது வைத்த வெள்ளிக் கிண்ணம் வந்தது. சண்டை போட்ட சொந்தங்கள் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு குடித்துச் சமாதானம் ஆகிற கிண்ணம். விஸ்கியும், வயசானவர்களுக்கு வயிற்றைப் பிடிக்காமலிருக்கத் தாராளமாகத் தண்ணீரும் ஊற்றினார்கள். ததும்பியது.

"நான் ஒரு வாய். மிச்சம் பூரா நீ. அடி தெரியணும்டா. தெரியலன்னா கோபம் தீரலன்னு அர்த்தம்."

கிழவர் ரோனாவைப் பார்த்தார். ரோனா தரையைப் பார்த்தாள். அவர் குடிக்கக் குடிக்க அவர் முழங்கால்கள் ஒன்றோடொன்று மெதுவாகப் பின்னிக்கொண்டதை அவள் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர் தப்பிவிடுவார். அந்த ஒரு வார்த்தையோடு அவளுடைய இரண்டு அறை வீடும் புகைபோக்கியும் போய்விடும். நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை அவள் கடித்துப் பிடித்துக்கொண்டாள்.

கிண்ணத்தின் அடி தெரிந்தது. கிழவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிரபு கண்ணிலிருந்தும் வழிந்தது. நாய்கள் குரைத்தன.

"அழுறான் பாரு. எல்லாம் கரைஞ்சு போச்சு" என்றார் பிரபு. "யாரு இவனை முதல்ல அடையாளம் கண்டது?"

"நம்ம ரோனாதான் சார். நான்தான் பயிற்சி குடுத்தேன்."

"அந்த வாசல் வீடு காலியாத்தானே கெடக்கு? அவகிட்டக் குடு. இப்பவே குடு, என் கண்ணு முன்னால."

கிளெனி இடுப்புக் கொத்திலிருந்து ஒரு பெரிய இரும்புச் சாவியைக் கழற்றினார். ரோனா கையை நீட்டினாள். "இன்னொரு கிண்ணம் ஊத்து" என்று பிரபு சொல்வது கேட்டது. கிழவரிடமிருந்து இதுவரை வராத ஒரு சத்தம் வந்தது. ஓலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதுவரைக்கும்தான் ரோனாவால் தாங்க முடிந்தது.

"சார்" என்றாள். "ஒரு விஷயம் சொல்லணும். இவரு…"

வெளியே பஸ் ஹாரன் நீளமாக அடித்தது. வராந்தாவில் தடதடவென்று செருப்புச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு குண்டு அம்மாள் உள்ளே வந்தாள். தலையில் பிளாஸ்டிக் மழைத்தொப்பி, கோட்டில் மஞ்சள் ஸ்டிக்கர்.

"இங்கயா இருக்கீங்க? உங்களுக்காக மொத்த பஸ்ஸும் நிக்குது. டிரைவர் என்னைத் திட்டுறான். கக்கூஸ்ல விழுந்துட்டீங்களான்னு கேக்குறான்."

கிழவர் தாவி எழுந்து அவளிடம் போய், அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண் பெரிதாகியது. அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிரபுவின் மேல் அவள் பார்வை நிற்கவில்லை, நாய் பிடிக்கிற ஆள் என்று நினைத்தாளோ என்னவோ. கிளெனியைத் தாண்டியது. ரோனாவிடம் வந்து நின்றது. ரோனா காலையிலேயே குளிருக்காக நாய்க்கூடைப் பக்கம் தொங்கிய கம்பளிகளில் ஒன்றை எடுத்து மாட்டியிருந்தாள். கைடு பேட்ஜ் அதற்கடியில் எங்கோ இருந்தது. நீட்டிய கையின் முழங்கையில், உள்ளே போட்டிருந்த ரவிக்கை தெரிகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

அந்த அம்மாள் மழைத்தொப்பியைக் கழற்றினாள். இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, ரோனாவுக்கு முன்னால் முழங்கால் தரையில் படுகிற மாதிரி தாழ்ந்து வணங்கினாள்.

ஒருவர் குனிந்தால் தானும் குனிந்தே பழகியவர் கிளெனி. யாருக்கு, எதற்கு என்று யோசிக்காமல் அவரும் ரோனாவைப் பார்த்துக் குனிந்தார். குனிந்ததில் பிடி தளர்ந்து, சாவி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"மன்னிச்சுக்குங்க சீமாட்டியம்மா" என்றாள் அந்த அம்மாள். "உங்க முழங்கையப் பாத்ததுமே, நீங்கதான் இந்த வீட்டு எஜமானின்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சு போச்சாம், அவ்வளவு பெரிய மனுஷிகிட்டப் போயி கக்கூஸ் எங்க இருக்குன்னு எப்படிக் கேக்கறதுன்னுதான், பாவம், வந்ததுலேருந்து அடக்கிட்டே இருக்காரு."